சீனியைத் துறத்தல்

நம்முடைய நகரங்களில், குறிப்பாக மத்தியதர வகுப்பினரிடையே, ஒரு புதிய விரதம் பரவி வருகின்றது. வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் நீட்டினால், "சீனி வேண்டாம், பாலும் வேண்டாம், இரண்டையும் விட்டு ஆறு மாதமாகிறது" என்ற மறுமொழி கிடைக்கின்றது. சொல்பவர் நோயாளியாக இருக்கலாம். நோய்க்கு அஞ்சுபவராக இருக்கலாம். உடல் எடையைக் குறைக்க விழைபவராகவும் இருக்கலாம். ஆயின் அந்த மறுமொழியில் உடல்நலச் செய்தி மாத்திரம் இல்லை. ஒரு சிறு பெருமிதமும் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர் தமது கோப்பையைக் கையில் வைத்தவாறே ஏதோவொரு பரீட்சையில் தவறியவர்போலச் சிரிக்கின்றார். விட்டவருக்கு மனவுறுதி உண்டு, விடாதவருக்கு அது இல்லை என்னும் தீர்ப்பு, யாரும் வாய்திறந்து கூறாமலே அவ்விடத்தில் வழங்கப்பட்டுவிடுகின்றது.

இத்தீர்ப்பு நீதியானதா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா. எதை உண்ணலாம், எதை விடலாம் என்று கூறுவது வைத்தியர்களின் பணி. உண்பவனைப் பழிப்பதும் விடுபவனைப் போற்றுவதும் அறம் சார்ந்த செயல்கள். அவற்றை வைத்தியர்களிடம் விட்டுவிட முடியாது. சலரோகம் கண்ட ஒருவரைப் பற்றி, "வாயைக் கட்டவில்லை, அனுபவிக்கிறார்" என்று உறவினர் கூறுவதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். முன்னொரு காலத்தில் தொழுநோயாளரை நோக்கி "முன்வினை" என்று சொன்னவர்களின் தொனிக்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை. ஊழ்வினை இருந்த ஆசனத்தில் இப்பொழுது மனவுறுதி ஏறி அமர்ந்திருக்கின்றது, அவ்வளவே.

முதலில் சில உண்மைகளைப் பிரித்துப் பார்த்தல் அவசியம். சீனியையும் பாலையும் ஒரே மூச்சில் சேர்த்து விலக்குவது இன்றைய வழக்கமாயினும், விஞ்ஞானம் அவ்விரண்டையும் ஒரே கூண்டில் நிறுத்தவில்லை. சீனியைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடம் குறைவு. உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சீனி, ஒருவர் நாளொன்றுக்குப் பெறும் மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்கு மேற்படலாகாது என்றும், 5 வீதத்துக்குக் கீழ் இருப்பின் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. 5 வீதம் என்பது வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. நம்மவர் ஒருவர் கோப்பைக்கு இரண்டு கரண்டியாக நான்கு முறை தேநீர் அருந்தினால், வேறெதனையும் தொடாமலே அந்த எல்லையைக் கடந்துவிடுகின்றார். பனங்கட்டியும் சர்க்கரையும் நமது மண்ணின் பொருள்கள் என்பதால் அவை தீங்கற்றவை என்று நம்புவோர் பலர். குருதிக்கு அத்தகைய தேசாபிமானம் கிடையாது. அதற்கு அவையும் சீனியே. அன்றியும் சீனி ஒன்றே குற்றவாளி என்றும் சொல்வதற்கில்லை. தீட்டிய வெள்ளைச் சோற்றையும் கோதுமை மாவையும் தட்டு நிறைய இட்டு உண்டபின், தேநீரில் மாத்திரம் சீனியை விலக்கி மனநிறைவு கொள்பவர்களும் நம்மிடையே உளர்.

பாலின் கதை வேறு. மனித இனத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், குழந்தைப் பருவம் கடந்தபின், லக்டோஸ் என்னும் பாற்சர்க்கரையைச் செரிப்பதற்கான நொதியத்தை அதிகம் சுரப்பதில்லை. அவர்களிற் பலருக்குப் பால் வயிற்றுப் பொருமலையும் கழிச்சலையும் தருகின்றது. அவர்கள் பாலைக் குறைப்பது பொருத்தமே. தயிரிலும் மோரிலும் அச்சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுதலால் அவை பலருக்கு ஒத்துக்கொள்ளும். நமது முன்னோர் மோரை விரும்பியதற்கு நாவின் சுவை மாத்திரம் காரணமன்று போலும். ஆயின் பால் ஒத்துக்கொள்ளும் ஒருவர் அதனை விடுவதால் நலம் பெறுவார் என்று பொதுவிதி வகுக்க இடமில்லை. வேறு புரதமும் கல்சியமும் அரிதாகக் கிடைக்கும் ஒரு வீட்டுப் பிள்ளைக்கோ பால் மிக வேண்டிய பொருள்.

இனி, துறத்தல் என்பதன் பொருளை நோக்குவோம். உடைமை உள்ளவனே துறக்க முடியும். அரசைத் துறந்த இளவரசனைப் பற்றிக் காவியம் பாடலாம். அரசே இல்லாதவன் அதனைத் துறந்தான் என்று யாரும் பாடுவதில்லை. 2021 அக்டோபரில் பால்மா மீதான விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது 400 கிராம் பொதியின் விலை 380 ரூபாவிலிருந்து 480 ரூபாவாயிற்று. 2022 மார்ச்சில் அதே பொதி 790 ரூபா. கடைகளில் ஒரு கோப்பைப் பால்தேநீர் 100 ரூபாவுக்கு ஏறியது. அந்த மாதங்களில் இந்நாட்டின் எண்ணற்ற குடும்பங்கள் பாலை விட்டன. அவர்களுடைய மனவுறுதியைப் பற்றி எவரும் வியந்து பேசவில்லை. பேசியிருந்தால் அது கொடிய பகிடியாக இருந்திருக்கும். ஒருவர் கோப்பையில் பால் இல்லாமைக்கு வைத்தியரின் சொல் காரணம். மற்றவர் கோப்பையில் பால் இல்லாமைக்குப் பணப்பை காரணம். கோப்பையை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

சீனியின் விடயத்தில் இந்த முரண் தலைகீழாகின்றது. வறியவன் பாலை எளிதில் இழந்துவிடுகின்றான். சீனியையோ எளிதில் விட முடிவதில்லை. மலையகத் தோட்டங்களில் விடியற்காலை பிரட்டுக்குப் போகுமுன் குடிக்கப்படும் சாயத் தண்ணீரையும், அதில் கரையும் சீனியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பசியைச் சற்று ஒத்திவைத்து, ஏற்றத்தில் ஏறும் கால்களுக்கு உடனடிச் சக்தியைக் கொடுக்கும் பொருள்களில் அதனினும் மலிவானது யாது? முட்டையா? பழமா? பருப்பா? 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அக்குழந்தையின் தாயிடம் சென்று சீனியை விடுக என்று கூறுபவர், அவள் கோப்பையில் சீனிக்குப் பதிலாக எதை வைப்பது என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்.

அவள் கோப்பைக்குள் சீனி வந்து சேர்ந்த வழியும் சாதாரண வழியன்று. கரும்பின் பூர்வீகம் நியூகினித் தீவு. அதன் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் தொழில் பண்டைய இந்தியாவில் சிறந்தது; ஐரோப்பிய மொழிகளிற் சீனிக்கு வழங்கும் பெயர்கள் 'சர்க்கரா' என்னும் வடசொல்லின் வழிவந்தவை. எனினும் அதனை அரசர்களின் அரும்பொருள் என்ற நிலையிலிருந்து இழுத்து வந்து ஆலைத் தொழிலாளியின் அன்றாடப் பண்டமாக்கியவர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் தோட்ட முதலாளிகள். அதற்காக முதுகெலும்பு ஒடிந்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். சிட்னி மின்ட்ஸ் என்னும் மானிடவியலாளர் சீனியின் வரலாற்றை ஆராய்ந்து 1985இல் எழுதிய நூல் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. பிரித்தானியத் தொழிலாளிக்குச் சூடான உணவு சமைக்க நேரமும் இல்லை, விறகுக்குக் காசும் இல்லை. சீனியிட்ட தேநீரும் பாணும் அவனுக்கு உணவாயின. குறைந்த கூலியில் நீண்ட நேரம் உழைக்கும் உடலுக்கு மலிவான எரிபொருள் தேவைப்பட்டது. அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களை நோக்கி இந்தியக் கூலிகள் ஏற்றப்பட்டனர்: மொரீசியசுக்கு 1834இல், பிரித்தானியக் கயானாவுக்கு 1838இல், நேட்டாலுக்கு 1860இல், பீஜிக்கு 1879இல். அவர்களிலே தமிழர் பலர். அதே நூற்றாண்டில் அதே வறட்சி மாவட்டங்களிலிருந்து இலங்கையின் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தமிழர் கொண்டுவரப்பட்டனர். ஆகவே, இலண்டன் தொழிலாளியின் கோப்பையில் தேயிலைக்கு ஓர் உறவினனும் சீனிக்கு ஓர் உறவினனும் உழைத்தனர் என்று கூறினால் அது மிகையாகாது.

இவ்விடத்தில், சீனியைத் துறந்த வேறொரு கூட்டத்தினரை நினைவுகூர்தல் தகும். 1791இல் அடிமை வாணிபத்தை ஒழிக்கும் பிரேரணையைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிராகரித்தது. அவ்வாண்டே வில்லியம் பொக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அவர் செய்த கணக்கு வீட்டுச் சந்தைக் கணக்கைப் போன்றது: வாரம் ஐந்து இறாத்தல் சீனி பாவிக்கும் ஒரு குடும்பம் இருபத்தொரு மாதங்கள் அதனை விட்டால், ஒரு மனிதன் அடிமையாவதை அல்லது கொல்லப்படுவதைத் தடுக்கும். ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் சீனியை விட்டனர் என்று அக்காலத்தில் நாடெங்கும் சுற்றி வந்த தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமையற்ற பெண்களே இதில் முன்னின்றனர். பாராளுமன்றம் அவர்களுடையது அன்று, ஆனால் தேநீர் மேசை அவர்களுடையது. 1824இல் எலிசபெத் ஹெய்ரிக் என்னும் மாது, படிப்படியாக அன்று, உடனடியாகவே அடிமை முறை ஒழிய வேண்டும் என்று எழுதியபோதும் சீனிப் பகிஷ்காரத்தையே கருவியாகக் காட்டினார்.

அவர்களை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. அதே 1791இல் ஹெயிட்டித் தீவின் அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்தனர்; 1831இன் இறுதியில் யமேக்காவில் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்தது. விலங்கை உடைத்தவர்களில் முதலிடம் விலங்கு பூண்டவர்களுக்கே. எனினும் அந்தப் பெண்களின் துறவு நமது நகரத்துத் துறவினின்றும் வேறுபட்டது என்பது வெளிப்படை. அவர்கள் சீனிக் கிண்ணத்தை நோக்கியபோது அதன் பின்னால் நின்ற இன்னொருவனின் உடலைக் கண்டனர். நாமோ நமது இடுப்புச் சுற்றளவைக் காண்கின்றோம். இதனால் தன்னுடலைப் பேணுதல் தன்னலம் என்று நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. உழைத்து உண்பவனுக்கு உடலே முதல். அதனைக் காப்பது அவன் குடும்பத்துக்குச் செய்யும் கடமை. நலம் வேண்டிச் செய்யும் ஒரு செயலை நலம் வேண்டிச் செய்ததாகவே சொல்லிவிட்டால் குற்றமில்லை. அதனைத் தவம் என்று அழைக்கும்போதுதான், அதைச் செய்ய இயலாதவன் பாவியாகிவிடுகின்றான்.

தவம் என்ற நோக்கிலேயே பாலை விட்டவர் ஒருவர் உண்டு. காந்தியடிகள் 1912இல் தென்னாபிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை நீக்கினார். பசுவையும் எருமையையும் வதைத்துப் பால் கறக்கும் முறையை அறிந்து அருவருத்ததும் அதற்கொரு காரணம். 1918இல் கடும் வயிற்றுளைச்சலால் மரணத்தின் வாயில்வரை சென்றார். பால் அருந்தாமல் உடல் தேறாது என்று வைத்தியர் கூறினார். விரதம் பசுவையும் எருமையையும் எண்ணி எடுத்ததுதானே, ஆட்டுப்பாலை அருந்தலாமே என்றார் கஸ்தூரிபாய். காந்தி அருந்தினார். ரௌலட் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தை நடத்த உயிரோடு இருக்க விரும்பினார். பின்னர் தமது சரிதையில், விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாக அவரே தம்மைக் கடிந்துகொண்டார். நமக்குக் கஸ்தூரிபாயின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகின்றது. மனிதனுக்காகவே உணவு விதி. விதிக்காக மனிதன் அல்லன். ஆயினும் காந்தியின் நேர்மையில் ஒன்று கவனத்துக்குரியது. தாம் பால் அருந்தாதிருந்தமைக்காக, அருந்துவோரை அவர் இழிந்தோராகக் கருதவில்லை. கணக்குத் தீர்த்ததெல்லாம் தம்மோடுதான்.

மனவுறுதி என்னும் வாதத்துக்கு மிகப் பெரிய இடையூறாக நாம் கருதுவது வேறொரு செய்தி. இரண்டாம் உலகப்போரின்போது, 1940இல், பிரித்தானியாவில் சீனிப் பங்கீடு தொடங்கியது. 1953 செப்டெம்பரில்தான் முடிவுற்றது. பங்கீட்டுக் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம்; பங்கீடு நீங்கியதும் ஓராண்டுக்குள் அது இருமடங்காயிற்று. அந்த மாற்றத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் கருவில் உருவானவர்களை முதுமைவரை ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2024இல் வெளியாயிற்று. கருவிலும் முதலிரு ஆண்டுகளிலும் பங்கீட்டுக்குள் இருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 35 வீதமும், உயர் குருதியமுக்கம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 20 வீதமும் குறைந்திருந்தன.

இதனை நாம் நின்று நிதானித்து எண்ண வேண்டும். அந்தச் சிசுக்கள் எந்த விரதமும் காக்கவில்லை. அவர்களுக்கு நாவை அடக்கும் நெறி தெரியாது. அவர்களுடைய அன்னையர்கூட மனமுவந்து சீனியை விட்டவர்கள் அல்லர்; கடைக்காரன் அட்டையைப் பார்த்து நிறுத்துக் கொடுத்ததை வாங்கிச் சென்றவர்கள். செல்வர் வீட்டுக்கும் வறியோர் வீட்டுக்கும் ஒரே அளவு. அந்த ஏற்பாடு, எழுபது ஆண்டுகளின் பின்னரும், எத்தனையோ உடல்களைக் காத்து நிற்கின்றது. மறுபுறம், 1954இல் பிறந்து ஐம்பது வயதில் நீரிழிவு கண்டவர், தாம் கருவிலே இருந்தபோது ஒரு சட்டம் நீங்கியதன் விளைவையும் சேர்த்தே சுமக்கின்றார். அவரைப் பார்த்து "வாயைக் கட்டவில்லை" என்று கூறுவது எவ்வகையில் நியாயம்?

சீனி இன்மை எல்லாம் நன்மை என்று நாம் சொல்ல வரவில்லை. எழுபதுகளில் கூப்பனுக்குச் சங்கக்கடை வாசலில் காத்திருந்ததையும், 1990 முதல் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது சீனி அரிதாகி, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்ததையும் நம் மக்கள் மறக்கவில்லை. தடை என்பது ஒரு மக்கட் கூட்டத்தைத் தண்டிப்பதற்காக விதிக்கப்பட்டது. அதில் சீனியோடு மருந்தும் மண்ணெண்ணெயும் அருகின. பங்கீடோ இருப்பதைச் சமமாகப் பகிர்வதற்காக ஏற்பட்டது. இரண்டையும் பற்றாக்குறை என்ற ஒரே சொல்லால் குறிப்பது பெரும் பிழை.

தனிமனிதனின் நாவைப் பற்றி இத்தனை உபதேசங்கள் நிகழும்போது, சீனியை விற்பவரைப் பற்றி எவ்வளவு பேசப்படுகின்றது? 1967இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகையொன்றில், இதயநோய்க்குக் கொழுப்பே முதற்காரணம் என்று சீனியின் பங்கைச் சிறுமைப்படுத்தும் கட்டுரை வெளியாயிற்று. அதை எழுதிய ஹார்வர்ட் அறிஞர்களுக்குச் சீனி உற்பத்தியாளரின் அமைப்பு பணம் வழங்கியிருந்தது 2016இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. சீனியின் தீங்கைப் பற்றி 1972இல் ஒரு நூல் எழுதி எச்சரித்த ஜோன் யட்கின் என்னும் ஆங்கிலப் பேராசிரியரோ, பரிகாசத்துக்கு உள்ளானார். நமது நாட்டில் 2005-06இல் நடந்த நாடளாவிய ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் என்று கண்டது. 2016இல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் இடப்பட்டன. 2017 நவம்பரில் மென்பானத்தின் சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஓராண்டு கழிந்ததும் அரசியற் குழப்பத்தினூடே அவ்வரி குறைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் இறக்குமதிச் சீனி மீதான வரி, கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்கு ஒரே நாளில் இறங்கியது. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. திறைசேரி இழந்தது, இடைநின்ற வணிகர் பெற்றனர். இவற்றுள் எதனையும் "மனவுறுதிக் குறைவு" என்ற பெயரால் யாரும் அழைத்ததாக நாம் அறியோம்.

அப்படியாயின் தனிமனிதன் எதற்கும் பொறுப்பில்லையா என்று கேட்பார் கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். பொறுப்பும் பழியும் வெவ்வேறு. குளத்தங்கட்டு உடைந்து வீட்டினுள் வெள்ளம் புகுந்தால், நீரை இறைக்கும் பொறுப்பு வீட்டுக்காரனுடையது. உடைந்ததற்கான பழி அவனுடையது அன்று. நீரிழிவு கண்டவர் சீனியைக் குறைத்தே ஆக வேண்டும். வேறு எவரும் அவருக்காக அதனைச் செய்ய முடியாது. ஆயின் சிகிச்சை நிலையத்தில் வரிசையில் நின்று, குருதியில் சீனி கூடிவிட்டது என்பதற்காகப் பிள்ளைகளைப்போல ஏச்சு வாங்கித் திரும்புகின்ற முதியவர்கள், அடுத்தமுறை அங்கு செல்லாமலே விடுகின்றனர். கண்பார்வை மங்கும்வரை, காற்புண் அழுகும்வரை மறைக்கின்றனர். பழி சுமத்துவதால் விளையும் தீங்கு, சீனியால் விளையும் தீங்கோடு கூடிக்கொள்கின்றது.

இதில் பெண்களின் நிலை தனியே குறிப்பிடத்தக்கது. கணவன் சீனியும் பாலும் விட்டார் என்றால், வீட்டில் இரண்டு அடுப்பு எரியத் தொடங்குகின்றது. குரக்கன் பிட்டு ஒருபுறம், பிள்ளைகளுக்கு மற்றொன்று மறுபுறம். விரதத்தின் புகழ் அவருக்கு. விரதத்தின் வேலை அவளுக்கு. அவளுக்கே நீரிழிவு வந்தாலோ, தனியாகச் சமைப்பது வீண்செலவு என்று எல்லோருக்கும் ஆக்கியதையே தானும் உண்டு முடிக்கின்றாள்.

நம்முடைய தேநீர்க் கடைகளில் கேளாதவனுக்குச் சீனி இட்டே தேநீர் வரும். வேண்டாதவன் முன்கூட்டியே கூவிச் சொல்ல வேண்டும், சொன்னால், பக்கத்து மேசைக்காரர் திரும்பி, "வருத்தமோ?" என்று விசாரிப்பார். தொழிற்சங்கக் கூட்டங்களிலும் நமது இலக்கியக் கூட்டங்களிலும் இதே வழக்கம்தான். ஏகாதிபத்தியத்தின் சந்தைகளைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசிக் களைத்தபின், இறக்குமதிப் பால்மாவும் இறக்குமதிச் சீனியும் ஏற்கனவே கலக்கப்பட்ட கேத்தல் சுற்றி வருகின்றது. கூடவே கிறீம் பிஸ்கற்று. சாயத்தை ஒரு கேத்தலிலும் சீனியை ஒரு கிண்ணத்திலும் தனித்தனியே வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. வேண்டியவர் வேண்டிய அளவு இட்டுக்கொள்ளலாம்; வேண்டாதவர் தமது நோயை அறிவிக்காமலும் தமது தவத்தை அறிவிக்காமலும் குடித்துவிட்டுப் போகலாம்.